ஊற்றும் மண்டபமும்



ஓர் ஊற்றுக்கு வீடு எதற்கு? மலையில் பெய்த மழை மண்ணுக்குள் இறங்குகிறது; பாறை இடுக்கில் வழி தேடுகிறது; தாழ்ந்த இடத்தில் வெளிப்பட்டு ஓடுகிறது. அதற்குச் சுவரும் வேண்டா, கூரையும் வேண்டா. வீடு வேண்டியிருப்பது ஊற்றைத் தேடி வரும் மனிதருக்குத்தான். வீடு எழுந்தபின் ஊற்றுக்கு என்ன நேர்கிறது என்பது அடுத்த கேள்வி. இவ்விரண்டு கேள்விகளுக்கும் ஏறத்தாழ நானூறு ஆண்டுகளாக விடை சொல்லிக்கொண்டிருக்கும் ஒரு கடற்கரை ஊர் இங்கிலாந்தின் யார்க்‌ஷயர் பகுதியில் இருக்கிறது. ஸ்கார்பரோ என்பது அதன் பெயர். பத்தாண்டு கண்ட ஓர் இலக்கிய மன்றத்தின் விழாவில் அந்த ஊற்றின் வரலாற்றைச் சொல்வது பொருந்தாத செயல் அன்று என்பது போகப் போக விளங்கும்.

ஸ்கார்பரோ வடகடலைப் பார்த்து நிற்கும் ஊர். கோட்டை தாங்கிய ஒரு குன்று கடலுக்குள் நீண்டு, கரையை வடகுடா, தென்குடா என இரண்டாகப் பிரிக்கிறது. தென்குடாவின் ஓரத்தில், களிமண்ணும் பாறையுமாக எழுந்த செங்குத்தான மேட்டின் அடியில், மணற்பரப்பை ஒட்டி ஒரு சிற்றோடை கசிந்துகொண்டிருந்தது. 1626ஆம் ஆண்டளவில் அவ்வூரின் இல்லத்தரசி ஒருவர், ஃபாரர் என்ற குடும்பத்தைச் சேர்ந்தவர், அவ்வழியே நடந்து செல்கையில் ஒன்றைக் கவனித்தார். நீர் ஓடிய இடத்துக் கற்களெல்லாம் செம்பழுப்பு நிறம் ஏறியிருந்தன. நீரை அள்ளிச் சுவைத்தார். துவர்ப்பும் புளிப்பும் கலந்த ஒரு சுவை. குடித்துப் பார்த்தார், உடலுக்கு நன்மை தெரிந்தது. அண்டை வீட்டாரிடம் சொன்னார். ஊரே குடிக்கத் தொடங்கியது.

அந்த ஓடை அதற்கு முன்னும் அங்கேதான் ஓடியது. மீனவர் பலர் அதைத் தாண்டிப் போயிருப்பர். கற்களின் கறையும் எல்லார் கண்ணிலும் பட்டதுதான். கறையைக் கண்டவர் பலர். அதன் காரணத்தைக் கேட்டவர் ஒருவர். ஸ்கார்பரோ என்னும் சுற்றுலா நகரின் முதற்கல் அந்தக் கேள்வியே. மருத்துவப் பட்டம் பெற்றவரோ நகரத்தை ஆண்டவரோ அதை நாட்டவில்லை என்பது நினைவிற் கொள்ளத்தக்கது.

கறைக்குக் காரணம் இரும்பு. பாறை அடுக்குகளின் வழியே காற்றுப் படாமல் வரும் நீரில் இரும்பு கரைந்திருக்கும்போது நீர் தெளிவாகவே இருக்கும். வெளியே வந்து காற்றைச் சந்தித்த மாத்திரத்தில் இரும்பு துருவாக மாறிக் கல்லின்மேல் படிகிறது. ஆகவே இரும்பு நீரை அதன் முழு வலிமையோடு குடிக்க விரும்புபவர் ஊற்றின் வாயிலேயே குடித்தாக வேண்டும். குடத்தில் எடுத்து நெடுந்தூரம் சென்றால் மருந்து குடத்தின் அடியில் வண்டலாய்க் கிடக்கும். மனிதர் ஊற்றைத் தேடி வர நேர்ந்ததும், வந்தவர்க்கு நிழலும் இருக்கையும் தேவைப்பட்டதும், வீடு எழுந்ததும் இதனால்தான்.

நீரில் இரும்பு உண்டா என்று அறிய அக்காலத்து மருத்துவர் கையாண்ட சோதனை ஒன்று உண்டு. மாசிக்காயைப் பொடித்து நீரில் இடுவர். இரும்பு இருந்தால் நீர் கருநீலமாக மாறும். ஐரோப்பாவில் பல நூற்றாண்டுகள் எழுத்தாளர் பயன்படுத்திய மையும் இதே சேர்க்கைதான்: மாசிக்காயும் அன்னபேதியும். அன்னபேதி என்பது இரும்பின் உப்பு. ஊற்றில் மருந்து இருக்கிறது என்று மருத்துவன் கண்டறிந்த விதமும், கவிஞன் தன் மைக்கூட்டை நிரப்பிய விதமும் வேதியலின்படி ஒன்றே. இது அணி நயத்துக்காகச் சொன்னதன்று, உள்ளபடி உண்மை.

ஆனால் ஊற்றின் பெயரை நாடெங்கும் கொண்டு சென்றது ஒரு சண்டை. ஹல் நகரத்து மருத்துவர் ராபர்ட் விட்டி 1660இல் ஸ்கார்பரோ நீரைப் பற்றி ஒரு நூல் வெளியிட்டார். நீரில் இரும்பு, துத்தம், படிகாரம், வெடியுப்பு, உப்பு ஆகிய ஐந்தும் உள்ளன என்பது அவர் துணிபு. பிணிகள் பலவற்றுக்கு அந்நீர் மருந்து என்பது அவர் பரிந்துரை. 1667இல் நூல் மீண்டும் அச்சேறியபோது கடல் நீராடலின் பயனையும் சேர்த்துச் சொன்னார். 1669இல் வில்லியம் சிம்ப்சன் என்ற மருத்துவர் மறுப்பு நூல் எழுதினார். நீரின் இயல்பை விட்டி அறியவில்லை, அதன் உயிர்நாடி படிகாரமே என்றார். அதே ஆண்டில் விட்டி மறுப்புக்கு மறுப்பு எழுதினார். 1670இல் டன்ஸ்டால் என்ற மூன்றாமவரும் களத்தில் குதித்தார். ஒரு குவளைத் தண்ணீருக்காக இத்தனை நூல்கள்! ஒவ்வொரு நூலிலும் எதிரியின் அறியாமையைப் பற்றிய பக்கங்கள் ஏராளம். இலக்கியவாணர்க்கு இக்காட்சி புதிதன்று.

எனினும் அச்சண்டையை வீண் என்று தள்ளிவிட இயலாது. அன்றைய வேதியல் தன் கருவிகளைத் தேடித் தடுமாறிய காலம் அது. வற்றக் காய்ச்சி எஞ்சிய உப்பை ஆராய்வது சரியா, மாசிக்காய்ச் சோதனை போதுமா, சுவையை நம்பலாமா என்ற வினாக்களெல்லாம் அவ்வாதத்தில்தான் உரசித் தெளிந்தன. 1734இல் பீட்டர் ஷா என்ற மருத்துவர் அதே நீரை ஆராய்ந்து எழுதிய நூலில் வசவு குறைந்து சோதனை மிகுந்திருப்பதற்கு முன்னோர் சண்டையும் ஒரு காரணம் எனலாம். வாதம் செய்தவர்கள் ஒருவரையொருவர் வெல்லவில்லை. வாதம் மட்டும் வளர்ந்தது.

இனி வீட்டின் கதை. 1697இல் குதிரையேறி இங்கிலாந்தைச் சுற்றிய சீலியா ஃபைன்ஸ் என்ற பெண்மணி தம் பயணக் குறிப்பில் ஸ்கார்பரோவைப் பதிந்துள்ளார். ஊற்று மணலுக்குள் இருந்தமையால் ஓதம் ஏறும்போது கடல் அதை மூடிவிடும். நீர் குடிக்க வந்தவர் கடல் விலகும் வரை காத்திருக்க வேண்டும். அடுத்த ஆண்டே, 1698இல், நகராட்சி அங்கே ஒரு நீர்த்தொட்டி கட்டியது. கடலின் கால அட்டவணையிலிருந்து ஊற்றை விடுவித்த முதல் கட்டுமானம் அது. ஊற்றுகள் இரண்டு: ஒன்றில் இரும்பு மிகுதி, மற்றொன்றில் உப்புச் சத்து மிகுதி. பேதிக்கு மருந்தாகும் மக்னீசிய உப்பு அதில் கரைந்திருந்தது.

அங்கே பொறுப்பேற்றவர் டிக்கி டிக்கின்சன். ஊற்றின் ஆளுநர் என்று அவரை அழைத்தனர். உடற்குறை உடையவர், முகத்தோற்றமும் அழகியதன்று, நாக்கு மட்டும் கூரியது. பிரபுக்களும் சீமாட்டிகளும் அவருடைய கிண்டலைக் கேட்பதற்காகவே கூடினர். அவருடைய உருவத்தைச் செப்புத் தகட்டில் செதுக்கி, கீழே கேலிச் செய்யுளும் பொறித்து விற்றனர். அவரோ சிரித்தவர்களுக்கெல்லாம் நீர் வார்த்தார். அந்நீர் வயிற்றைக் கழுவும் தன்மையது ஆதலால் ஆடவர்க்கு ஒன்றும் பெண்டிர்க்கு ஒன்றுமாக இரண்டு ஒதுக்கிடங்களையும் கட்டிவைத்தார். நாகரிகச் சமுதாயம் நாசூக்காக மறந்துவிடும் செய்தி இது. ஆயினும் ஊற்றைப் புகழ்ந்த நூல்கள் அனைத்தையும் விட, வருவோரின் தேவையை அறிந்தவர் அவரே என்பதற்கு இதுவே சான்று.

1737 டிசம்பர் இறுதியில் மலை சரிந்தது. மேட்டின் மேலிருந்த புல்வெளி, மேய்ந்துகொண்டிருந்த பசுக்களோடு அப்படியே கீழிறங்கியது. அதன் பாரம் அழுத்த, எதிரே இருந்த கடற்கரை மணல் மேலெழும்பியது. ஊற்று வீடு சிதைந்தது. ஊற்றும் காணாமற் போயிற்று. டிக்கின்சனும் சில வாரங்களில் மறைந்தார். ஊர் மக்கள் அஞ்சியது வீடு போனதற்காக அன்று. நீர் போயிற்றே என்றுதான். இடிபாடுகளைத் தோண்டி மிக முயன்று தேடினர். ஊற்று மீண்டும் கிடைத்தது. அதன் பின்னரே புதிய வீடு எழும்பியது. அன்று அவர்களுக்கு முதன்மை எது, அடுத்தது எது என்பதில் ஐயம் இருக்கவில்லை.

ஆனால் அதற்குள் வேறொரு மாற்றம் தொடங்கிவிட்டது. 1735இல் ஜான் செட்டரிங்டன் வரைந்த ஸ்கார்பரோக் காட்சியில், கடலில் நீராடுவோரும், சக்கரம் வைத்த நீராடற்கூண்டு ஒன்றும் காணப்படுகின்றன. அத்தகைய கூண்டைக் காட்டும் மிகப் பழைய படங்களுள் அது ஒன்று. ஊற்றைக் குடிக்க வந்தவர்கள் கடலைக் கண்டார்கள். கடல் எப்போதும் அங்கேயே இருந்தது. அதை மருந்தாகக் காண ஊற்று தேவைப்பட்டது. பிறகு விருந்தாளி வீட்டுக்காரர் ஆனார். 1771இல் வெளிவந்த ஸ்மாலெட்டின் ‘ஹம்ஃப்ரி கிளிங்கர்’ நாவலில், ஸ்கார்பரோக் கடலில் இறங்கிய முதியவர் குளிரில் அலறுகிறார். அவர் மூழ்குகிறார் என்று எண்ணிய பணியாள் காதைப் பற்றி இழுத்துக்கொண்டு வந்து, பிறந்த மேனியாய்க் கரையில் நிறுத்துகிறான். வாசகர் சிரிப்பது கடற்கரையைப் பார்த்து. 1777இல் லண்டனில் அரங்கேறிய ஷெரிடனின் ‘ஸ்கார்பரோப் பயணம்’ என்ற நாடகமோ, முந்திய நூற்றாண்டில் வான்பரோ எழுதிய நாடகத்தைத் திருத்திக் களத்தை மாற்றிய ஆக்கம். ஸ்கார்பரோ என்ற பெயர் ஒன்றே கூட்டம் சேர்க்கப் போதுமானதாயிற்று.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் வீடு மண்டபம் ஆயிற்று. 1827இல் நகரையும் ஊற்றையும் பிரித்த பள்ளத்தாக்கின்மேல் ஒரு தனியார் நிறுமம் இரும்புப் பாலம் அமைத்தது. கடக்கக் கட்டணம் வாங்கியது. 1839இல் கோட்டை போன்ற தோற்றத்தோடு ஒரு கூடம் எழுந்தது. 1845இல் இருப்புப்பாதை வந்தது, கூட்டம் பெருகியது. 1858இல் ஜோசப் பாக்ஸ்டன் வடிவமைத்த இசை மண்டபம் திறக்கப்பட்டது. லண்டனில் 1851ஆம் ஆண்டுப் பொருட்காட்சிக்குப் பளிங்கு மாளிகை கட்டிப் புகழ் பெற்றவர் அவர். 1875இல் மேட்டின் உச்சியிலிருந்து கீழிறங்கும் இழுவைத் தொடர்வண்டி ஓடத் தொடங்கியது. நாட்டிலேயே அவ்வகையில் அதுவே முதலாவது. 1876இல் பாக்ஸ்டனின் மண்டபம் தீக்கிரையானது. 1880இல் அதனினும் பெரிய மண்டபம் எழுந்தது. இன்று நிற்பது பெரும்பாலும் அதுவே.

இத்தனை ஏற்பாடுகளிலும் நீரின் பங்கு சுருங்கியதைக் காணாமலிருக்க முடியாது. 1626இல் எவரும் குனிந்து கையால் அள்ளிக் குடித்த நீர், இப்போது காசு கொடுத்துப் பாலம் கடந்து, நுழைவுச் சீட்டு வாங்கி, இசை கேட்டு, உலாவி, பின்னர் விரும்பினால் சில படிகள் இறங்கிக் குடிக்கும் நீராயிற்று. மண்டபம் மேலே போகப் போக ஊற்று கீழே போயிற்று. நீரின் மட்டம் மாறவில்லை; சுற்றியிருந்தவை உயர்ந்தன. கட்டணம் வைத்ததன் நோக்கம் மண்டபப் பராமரிப்பு மட்டுமன்று. எளிய மக்களைத் தள்ளி வைப்பதும் ஆகும். மணலில் கிடந்த நீரைக் கண்டுபிடித்தவருக்குக் கட்டண வாயில் எதிர்ப்பட்டிருந்தால் அந்தக் கறையை அவர் பார்த்திருக்கவே மாட்டார்.

மண்டபத்தின் வாக்குறுதி நலவாழ்வு. அதன் எல்லையைக் காட்டும் நிகழ்ச்சி ஒன்றை இலக்கிய அவையில் சொல்லாமல் விடலாகாது. ‘ஆக்னஸ் கிரே’ எழுதிய ஆன் பிராண்டே, ஒரு செல்வர் வீட்டில் ஆசிரியையாகப் பணி செய்தபோது அக்குடும்பத்தோடு கோடைகளில் ஸ்கார்பரோ வந்தவர். அக்கடலை அவர் மனம் விட்டு நேசித்தார். நாவலின் முடிவையும் ஒரு கடற்கரை ஊரில்தான் அமைத்தார். காசநோய் முற்றிய நிலையில் 1849 மே 25ஆம் நாள், அக்காள் சார்லட்டுடனும் தோழி எலன் நஸ்ஸியுடனும் மீண்டும் அங்கே வந்து சேர்ந்தார். மறுநாள் மணற்பரப்பில் கழுதை வண்டியில் சென்றார். வண்டிக்காரச் சிறுவன் கழுதையை விரட்டி வருத்துவான் என்று அஞ்சி, கடிவாளத்தைத் தாமே வாங்கிக்கொண்டார். மூச்சுக்கே வலிமை இல்லாதவர் ஒரு விலங்கின் களைப்பை எண்ணினார். மே 28ஆம் நாள் உயிர் பிரிந்தது. ஊற்றுக்கும் கடலுக்கும் அவரைக் காக்கும் ஆற்றல் இல்லை. அங்கேயே புனித மேரி கோயிலின் இடுகாட்டில் அடக்கம் செய்தனர். கல்லறைக் கல்லில் வயது 28 என்று பொறித்துவிட்டனர். இறந்தபோது அவருக்கு வயது 29. பின்னாளில் பிராண்டே கழகத்தார் அருகில் ஒரு பலகை வைத்து அப்பிழையைத் திருத்தினர். நூற்றறுபது ஆண்டுகளுக்கு மேல் கழிந்தபின் ஓர் எழுத்தாளருக்கு ஓராண்டு வயதைத் திருப்பிக் கொடுத்தது ஓர் இலக்கியக் கழகம்! மருந்து நீரால் ஆகாத ஒன்று, மிகச் சிறியதே ஆயினும், வாசகரால் ஆயிற்று.

இருபதாம் நூற்றாண்டில் நீர் குடிக்கும் வழக்கம் மெல்ல மறைந்தது. மருத்துவம் மாத்திரைக்குள் புகுந்தது. அடிவாரத்துக் கசிவு நீரைத் தூய்மையானதென்று சான்றளிக்க எவரும் முன்வரவில்லை. இப்போது அது குடிநீர் அன்று. மண்டபமோ இசையால் வாழ்ந்தது. 1912 முதல் அலிக் மக்லீன் நடத்திய இசைக்குழு பெரும் பெயர் பெற்றது. 1960 முதல் 1986 வரை வயலின் கலைஞர் மாக்ஸ் ஜாஃபா அதை வழிநடத்தினார். நாட்டின் கடற்கரை ஊர்களிலெல்லாம் இருந்த தொழில்முறை இசைக்குழுக்கள் ஒவ்வொன்றாகக் கலைந்தபின்னும், இந்த நூற்றாண்டின் கோடைகளிலும் அங்கே வயலின் ஒலித்தது.

இங்கே இருவகைக் கருத்துக்கு இடமுண்டு. ஊற்றை மறந்த ஊற்று மண்டபம் வெறுங்கூடு என்று சொல்லலாம். நீருக்காக வந்தவர்களை மகிழ்விக்க அமர்ந்த இசை, நீரே இல்லாமல் நிற்கப் பழகிவிட்டது. அது காரணம் போனபின் நின்ற காரியம் என்பர் கடுமையானவர். மாறாக, மண்டபம் இல்லாதிருந்தால் ஊற்றின் பெயரே மிஞ்சியிருக்காது என்றும் சொல்லலாம். இங்கிலாந்தில் பதினேழாம் நூற்றாண்டில் புகழ்பெற்ற மருந்து ஊற்றுகள் எத்தனையோ இன்று வயல் ஓரங்களில் அடையாளமின்றிக் கிடக்கின்றன. இரண்டிலும் உண்மை இருக்கிறது. ஆனால் இவ்விரண்டையும் தாண்டிய மூன்றாவது உண்மை ஒன்றை மலையே நினைவூட்டியது.

1993 ஜூன் மாதம், ஊற்று மண்டபத்துக்குத் தெற்கே அதே மேட்டின் உச்சியில் நின்ற ஹோல்பெக் ஹால் என்ற விடுதி, நிலச்சரிவில் துண்டு துண்டாக இடிந்து விழுந்தது. மழைநீர் களிமண்ணுக்குள் இறங்கி, வடிய வழியின்றித் தேங்கி, மண்ணின் பிடியைத் தளர்த்தியதே சரிவின் காரணங்களுள் முதன்மையானது. 1737இல் நடந்ததற்கும் இதற்கும் உறவு உண்டு. மலைக்குள் இறங்கும் நீர் பாறை இடுக்கில் வழி கண்டால் ஊற்றாகிறது. களிமண்ணில் வழி காணாமல் தங்கினால் சரிவாகிறது. ஊரை உண்டாக்கியதும் நீர். ஊரை அசைப்பதும் நீர். அதன்பின் மண்டபத்தின் பின்புறத்து மேட்டை உறுதிப்படுத்தப் பெரும்பணிகள் நடைபெற்றன. நீர் வடிவதற்கு வழி விடுதலும் அப்பணிகளுள் ஒன்று. மலைக்குள் நீர் என்ன செய்கிறது என்று கேட்பதை நிறுத்திய தலைமுறைகளும் அந்தக் கேள்வியிலிருந்து தப்ப முடியவில்லை. குடிப்பதற்காகக் கேட்ட கேள்வியை, நிற்பதற்காகக் கேட்க வேண்டியதாயிற்று.

மன்றங்களும் வீடுகளே. ஒரு சிலர் ஒரு சுவையைக் கண்டு பிறரிடம் சொல்ல, பலர் கூட, நிழலுக்காக ஒரு கூரை எழுகிறது. பிறகு ஆண்டுவிழா, மலர், பாலம், படிக்கட்டு எல்லாம் வரும், வரவேண்டியவைதாம். வீடு சரியும் நாளும் வரலாம். ஸ்கார்பரோவில் அது ஒருமுறைக்கு மேல் அழிந்து மீண்டும் எழுந்தது. 1737இல் அவ்வூரார் செய்ததே நினைவில் நிற்க வேண்டியது. இடிபாட்டில் அவர்கள் முதலில் தேடியது தூணையும் கூரையையும் அன்று, நீரை. பத்தாண்டு நிறைந்த ஒரு மன்றம் தன்னைக் கேட்டுக்கொள்ள வேண்டியதும் அதுவே: மேல்தளத்தில் எத்தனை பேர் அமரலாம் என்பதன்று, நீருக்கு இறங்கும் படி இன்னும் திறந்திருக்கிறதா, கட்டணமின்றி ஒருவர் வந்து குனிந்து அள்ள முடியுமா என்பது. கற்களின்மேல் கறை படிந்திருப்பதைக் கண்டு, இது ஏன் என்று கேட்கும் அந்த ஒருவர், பட்டமும் பதவியும் இல்லாதவராக, இன்றும் வாயிலுக்கு வெளியே நின்றுகொண்டிருக்கலாம். அவருக்கு வழி விடுவதே மன்றத்தின் அடுத்த பத்தாண்டுப் பணி.